கால் கனக்கிறதா, மனம் கனக்கிறதா: கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

எண்ணூறு மீட்டர் ஓடும் மாணவி ஒருவர். முதலாண்டில் 2 நிமிடம் 16 நொடியில் ஓடியவர், இரண்டாம் ஆண்டில் 2 நிமிடம் 21 நொடிக்குச் சரிந்திருந்தார். கடைசி இருநூறு மீட்டரில் மனம் விட்டுவிடுகிறது என்றார் பயிற்சியாளர். கவனம் சிதறிவிட்டது என்றார்கள் வீட்டார். அவரோ தன்னைச் சோம்பேறி என்றே முடிவுகட்டி, யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் தனியாக ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தார். என்னிடம் அனுப்பியபோது நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், எப்போது சாப்பிட்டார், பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒரு வாரம் எழுதிவரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் நினைவிருக்கிறது: காலை 5.15க்கு ஓட்டம், 8 மணிக்கு வகுப்பு, அன்றைய முதல் உணவு பகல் 12.40க்கு. ஏழு நாளில் ஐந்து நாள் அதே கதை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துச் சேமிப்பு தரைதட்டிக் கிடந்தது.

எல்லோரும் மனத்தின் மேல் போட்ட பழி வயிற்றிலிருந்து வந்தது. இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். தொடைத் தசைப்பிடிப்புக்கு ஆறு மாதம் பிசியோதெரபி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், அப்பா இறந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட முழுதாகத் தூங்கியதில்லை என்பது ஏழாவது மாதம்தான் தெரிந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை.

கீழே உள்ள வழிமுறையில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: பார்க்கும் வரிசை. முதலில் ஆபத்து, பிறகு தூக்கம், சாப்பாடு, ரத்தம், பயிற்சிச் சுமை, உடல்நோய், அதன் பிறகே மன உறுதி, ஊக்கம், கவனம் பற்றிய பேச்சு. மனம் முக்கியமில்லை என்பதால் இப்படி வரிசைப்படுத்தவில்லை. பசித்த உடலும் தூங்காத மூளையும் பார்ப்பதற்கு மனக்கோளாறு மாதிரியே இருக்கும், அவற்றைச் சோதிக்க ஒரு வாரம் போதும். அந்த வாரத்தைக்கூடக் கொடுக்காமல் 'இன்னும் கடினமாக உழை' என்று சொல்வதுதான் இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் பெரிய தவறு.

ஆபத்து: இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம்

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டால் அன்றோடு பயிற்சி நிற்க வேண்டும். ஓட்டம் முடிந்து நின்றபின் தலைசுற்றுவது பெரும்பாலும் ரத்த ஓட்டம் சட்டென்று கால்களில் தேங்குவதால் வருவது. ஓட்டத்தின் நடுவே சாய்வது வேறு விஷயம். அதற்குப் பின்னால் இதயக் கோளாறு இருக்கலாம். இதயநோய் மருத்துவர் பார்க்கும்வரை மைதானம் கிடையாது. குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வெப்பத்தில் பயிற்சி செய்யும்போது ஒருவர் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்காமல் பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உடலை அமிழ்த்துங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு ஏற்றிச் செல்வது என்பதே விதி. தொட்டி இல்லையென்றால் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு கணம் குழம்பினாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கைகால் மரத்துப்போவது ஆகியவை இருந்தால் நேராக அவசரப் பிரிவு. அவை இல்லையென்றாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் கைபேசி, கணினித் திரை பார்ப்பதைக் குறைத்து, இலேசான நடமாட்டத்தோடு ஓய்வு. பிறகு படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். முதலில் வகுப்பு, அப்புறம் மைதானம்.

விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம் ஓர் ஆபத்தான வாரம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தாவல்கள், உட்கார்ந்தெழும் பயிற்சிகள் செய்யவைத்து, மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அது உழைப்பின் அடையாளம் இல்லை. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அன்றே மருத்துவமனை.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், இப்போதே ஒருவரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். இதற்கு நோட்டு, வரிசை எதுவும் வேண்டாம்.

ஏழு நாள் நோட்டு

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதுங்கள். தூங்கிய நேரம், உணவு நேரங்கள், வலி இருந்தால் எந்த இடத்தில், காலையில் எழுந்ததும் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். கூடவே பயிற்சிச் சுமை. பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் கொடுத்து, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 7 என்றால் சுமை 630. அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறை இது. எந்தக் கருவியும் வேண்டாம்.

இந்த எண்ணைப் பயிற்சியாளரும் தனியாகக் குறித்து வைத்தால் வேடிக்கை தெரியும். அவர் 'இலேசான நாள்' என்று 3 போட்டிருப்பார், மாணவர் 6 போட்டிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அணியில் இடத்துக்குப் போட்டி இருக்கும்போது இலேசான நாளிலும் யாரும் இலேசாக ஓடுவதில்லை.

அறிகுறி: பயிற்சி குறையவில்லை, ஆனால் ஆட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, கால் கல்லாய்க் கனக்கிறது

மிகப் பொதுவான புகார் இது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தூக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரங்கள், நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களுடைய குறுந்தூர ஓட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடிக்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடையில் எறிவது) துல்லியம் 9 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தூங்கியதால் மோசமாக ஆடிய கல்லூரி வீரரை நான் இதுவரை பார்த்ததில்லை. நோட்டில் சராசரி ஏழு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் ஆராயாதீர்கள். இரண்டு வாரம் இதை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

சாப்பாடு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். மொத்தமாக எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதோடு, எப்போது என்பதையும் கவனியுங்கள். காலைப் பயிற்சிக்கும் முதல் உணவுக்கும் இடையே நான்கு, ஐந்து மணி நேரம் இருந்தால், தசை தன்னைப் பழுதுபார்க்க வேண்டிய நேரத்தில் பட்டினி கிடக்கிறது. பையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் வகுப்புக்கு முன் பத்து நிமிடத்தில் முடிப்பது அவ்வளவு பெரிய சாதனை இல்லை. ஆனால் வகுப்பு அட்டவணையும் பயிற்சி அட்டவணையும் வேறு வேறு அலுவலகங்களில் தயாராகும் இடங்களில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். மாணவரைத் திட்டுவதற்கு முன் அட்டவணையைப் பாருங்கள்.

ரத்தம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் ரத்தசோகை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. ஹீமோகுளோபின் விழுவதற்கு முன்பே இது வற்றத் தொடங்கும். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்கள், நெடுந்தூர ஓட்டக்காரர்கள், இறைச்சி சாப்பிடாதவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள், அளவுக்கு மீறினால் ஈரலைக் கெடுக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தேநீர், காபியோடு சேர்க்காதீர்கள். கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில், குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் போடும் மாத்திரை பாதி வீண்.

இவை மூன்றும் சரியென்றால் சுமை. வாரச் சுமை எகிறியிருக்கிறதா, அல்லது ஏழு நாளும் ஒரே மாதிரி 500, 520, 490 என்று தட்டையாக இருக்கிறதா? இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. கடினமான நாள் கடினமாகவும் இலேசான நாள் உண்மையிலேயே இலேசாகவும் இருந்தால்தான் உடல் மீளும். சுமையைப் பாதியாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம் விட்டால் பழைய வேகம் திரும்புகிறதா? அப்படியென்றால் அது வழக்கமான களைப்புதான், பயப்பட ஒன்றுமில்லை. பல வாரம் ஓய்வெடுத்தும் திரும்பவில்லை, தூக்கம் கெட்டது, எரிச்சல், அடிக்கடி சளி காய்ச்சல் என்றால் மிகைப்பயிற்சி நோய்க்குறி என்று மருத்துவர் சந்தேகிப்பார். வேறு எல்லா நோய்களும் இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பெயரை வைப்பார்கள். அது தெளிய மாதக்கணக்கில் ஆகலாம்.

எண்ணூறு மீட்டர் மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடியற்காலைத் தனி ஓட்டத்தை நிறுத்தினோம். மாத்திரையும் காலை உணவும் ஆரம்பித்தோம். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, அவர் என்மேல் நம்பிக்கை இழந்துவிட்டார். பதினோராவது வாரம் ஸ்டாப்வாட்ச் 2 நிமிடம் 17 நொடி காட்டியது. 16க்குத் திரும்ப அந்தப் பருவத்தில் அவரால் முடியவில்லை.

அறிகுறி: பயிற்சியில் புலி, போட்டியில் எலி

முதலில் உடலை ஒரு பார்வை பாருங்கள். போட்டி நாளில் பதற்றத்தில் சாப்பிடாமல் விட்டீர்களா? பயணத்தில் தூங்கவில்லையா? வார்ம்-அப் முடிந்து நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் களமிறங்கினீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால்தான் இது மனத்தின் கணக்கு.

அதிலும் இரண்டு விதம் உண்டு, மருந்தும் வேறு. ஒன்று, உடல் அளவுக்கு மீறிச் சூடேறிவிடுவது. கை நடுங்குகிறது, பந்து தெரிவதற்கு முன்பே அடித்துவிடுகிறீர்கள், முதல் ஐந்து நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. பதற்றம் ஓரளவு வரை உதவும், அதற்கு மேல் கெடுக்கும் என்று பாடப்புத்தகங்களில் ஒரு வளைவு வரைந்திருப்பார்கள். அதன் வேர், உளவியலாளர்கள் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908இல் செய்த சோதனை. அவர்கள் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தது சுண்டெலிகளை. போட்டியில் எலி என்று சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது! இந்த வகைக்கு மூச்சுதான் கைப்பிடி: உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் மூன்று நிமிடம். போட்டியன்று முதன்முறையாகச் செய்து பார்த்தால் பலிக்காது. தினமும் பயிற்சிக்கு முன் செய்து பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, தானாக நடப்பதைக் கண்காணிக்கத் தொடங்குவது. நெருக்கடி வந்தால் ஆள் தன் அசைவுகளையே உற்றுப் பார்க்கிறான், அதனாலேயே அவை தடுமாறுகின்றன என்று உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1984இல் எழுதினார். ஒரு கூடைப்பந்து வீரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயிற்சியில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று பந்தை இரண்டு தடவை தட்டிவிட்டு எறிந்துவிடுவார். போட்டியில் நான்கு தடவை, ஐந்து தடவை தட்டினார், முழங்கையைக் குனிந்து பார்த்தார், மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்தார். எறிந்தது வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. ஓரத்திலிருந்து பயிற்சியாளர் கத்தினார்: 'முழங்கையைப் பார்!' நோயைக் கூட்டும் மருந்து அது. இந்த வகையினருக்கு நுட்ப அறிவுரையைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பார்வைக்கு ஒரே இலக்கு, உதட்டில் ஒரு சொல், இரண்டே தட்டல். இதைப் பயிற்சியிலும், கூட்டாளிகள் சுற்றி நின்று சத்தம் போடும்போது, தவறவிட்டால் எல்லோரும் ஓட வேண்டும் என்ற பந்தயத்தோடு பழக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்றவற்றில் காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே போய்விடுவதுண்டு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டரைச் சுழற்சி போட வேண்டிய இடத்தில் ஒன்றரை போட்டு இறங்கி, அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். சில நாள் கழித்து உடல் முறுக்காமல் இறங்கும்படி மாற்றிக்கொண்டு சமநிலைக் கட்டையில் வெண்கலம் வென்றார். பாரிஸ் 2024இல் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். அந்த உணர்வு தொலைந்திருக்கும்போது துணிச்சலோடு தாவுவது கழுத்தை முறிக்கும் வேலை. அடிப்படை அசைவுகளுக்கு, மெத்தைக்கு, பஞ்சுக்குழிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: மூச்சு அடைக்கிறது, எல்லோரும் பதற்றம் என்கிறார்கள்

எப்போது அடைக்கிறது என்று பாருங்கள். நின்ற பிறகு ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் மோசமாகி, இருமலும் வெளிமூச்சில் விசில் சத்தமும் வந்தால் பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். உச்ச வேகத்தில் இருக்கும்போதே தொண்டை இறுகி, உள்மூச்சில் சத்தம் வந்து, நின்ற சில நிமிடத்தில் சரியானால் குரல்வளை சுருங்குகிறது. அதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது, பேச்சு, மூச்சுப் பயிற்சி நிபுணர் தேவை. படியேறினாலே வாங்குகிறது என்றால் மறுபடி ரத்தத்தைப் பாருங்கள். ஓட்டமே இல்லாமல் விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும்போது வந்து, விரல்கள் மரத்து, செத்துவிடுவோம் என்று தோன்றினால் அது பீதித் தாக்கு. அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு, ஆனால் முதல் தடவை வரும்போது இதயம், நுரையீரலை ஒரு மருத்துவர் பார்த்துவிடட்டும்.

அறிகுறி: எடை குறைந்தது, முதலில் வேகம் கூடியது, இப்போது கீழ்க்கால் எலும்பு வலிக்கிறது

இதில் ஏமாற்றுவது நடுவில் உள்ள சொற்கள்தான்: வேகம் கூடியது. உணவைக் குறைத்த முதல் சில மாதம் நேரம் குறையும், பாராட்டு வரும். உடல் கடன் வாங்கித்தான் அந்த வேகத்தைக் கொடுக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கு விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டது. ரெட்-எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு பெண் வீரர்களின் சிக்கலாக மட்டும் பேசப்பட்டது, இப்போது ஆண்களுக்கும் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

கணக்கு இப்படி. உடல் எடையில் கொழுப்பைக் கழித்தால் 45 கிலோ வருகிற ஒருவர் நாளுக்கு 600 கலோரி பயிற்சியில் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பற்ற எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கலோரி மீதமிருந்தால் உடல் நிம்மதியாக இயங்கும். அதற்கு அவர் 2,625 கலோரி சாப்பிட வேண்டும். 1,950க்கு இறங்கினால் கிலோவுக்கு 30தான் மிஞ்சும். அதற்குக் கீழே போனால் ஹார்மோன்கள், எலும்பு, நோய் எதிர்ப்பு ஒவ்வொன்றாக விளக்கை அணைக்கத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே கோடு இல்லை என்றாலும், எங்கே நிற்கிறோம் என்று அறிய இந்த எண் உதவும்.

பெண்களுக்கு முதல் எச்சரிக்கை மாதவிடாய். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். 'நன்றாகப் பயிற்சி செய்தால் நிற்கத்தான் செய்யும்' என்று இன்றும் சில மைதானங்களில் சொல்கிறார்கள். அப்பட்டமான தவறு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதாமாதம் வரும் ரத்தப்போக்கு இந்த எச்சரிக்கையை மறைத்துவிடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கு இப்படி ஒரு மணி அடிக்காது. ஆசை குறைவது, காலை விறைப்பு நிற்பது போன்றவைதான் அறிகுறிகள், அவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எலும்புக்கு ஒரு சோதனை: வலி பரவலாக, விரல் அகலங்கள் பலவற்றுக்கு இருக்கிறதா, அல்லது ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புள்ளியா? புள்ளி என்றால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போது வலித்தால், மயிரிழை விரிசல் என்று நினைத்து ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். இடுப்போடு தொடை எலும்பு சேரும் இடத்திலோ, பாதத்தின் மேல்புற நடுவிலோ வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிய பயம், யாரும் பார்க்காதபோது வாந்தி எடுப்பது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது இருந்தால் கணக்குப் போட்டுக் காட்டிப் பயனில்லை. மருத்துவர், உணவியல் நிபுணர், உளவியலாளர் மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் அது. பயிற்சியாளர்கள் அணி முழுவதையும் வரிசையாக நிறுத்தி எடை பார்ப்பதை நிறுத்தினாலே பாதிப் புண்ணியம்.

அறிகுறி: தேர்வு வாரத்தில் மட்டும் அடிபடுகிறது

தற்செயல் இல்லை. மன அழுத்தம் பார்வையின் விளிம்பைக் குறுக்குகிறது, தசையை இறுக்குகிறது, தூக்கத்தைத் தின்கிறது. விளையாட்டு உளவியலாளர்கள் வில்லியம்ஸ், ஆண்டர்சன் இருவரும் 1988இலேயே இந்தச் சங்கிலியை வரைந்து காட்டினார்கள். தேர்வு வாரங்களை ஆண்டுத் திட்டத்தில் முன்கூட்டியே குறித்து, அந்த வாரங்களில் சுமையைக் குறையுங்கள். புதிய நுட்பம் எதையும் அப்போது கற்பிக்க வேண்டாம்.

அறிகுறி: காயம் ஆறிவிட்டது, கால் நம்ப மறுக்கிறது

முழங்கால் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுவை சிகிச்சைக்குப் பின் இது பலருக்கும் வரும். மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார், ஆனால் திரும்ப வேண்டிய நேரத்தில் நல்ல காலிலேயே திரும்புகிறீர்கள்.

அந்தத் தயக்கத்தை உடனே கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள், அது சரியாகவும் இருக்கலாம். 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் கண்டது. ஆகவே முதலில் மாதங்களை எண்ணுங்கள். பிறகு ஒற்றைக் காலில் தாவிப் பாருங்கள், தொடை வலிமையை அளக்கச் சொல்லுங்கள். அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதத்தையாவது எட்டவில்லை என்றால் பயம் உண்மையைத்தான் சொல்கிறது.

அளவுகள் எல்லாம் சரி, பயம் மட்டும் மிச்சம் என்றால் ஏணி கட்டுங்கள். அடிபட்ட அந்த அசைவை உச்சிப் படியில் எழுதி, கீழே இறங்க இறங்க அதன் எளிய வடிவங்களை எழுதுங்கள். அடிப்படியிலிருந்து சொன்னால்: நடந்து திரும்புவது, மெல்ல ஓடித் திரும்புவது, எதிராளி நின்றுகொண்டிருக்கத் திரும்புவது, எதிராளி மோத வரும்போது திரும்புவது. ஒரு படியில் பயத்தின் மதிப்பெண் பத்துக்கு மூன்றுக்குக் கீழே இறங்கும்வரை அடுத்த படி வேண்டாம். அணிக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். காயத்தைவிட, நண்பர்கள் பயிற்சிக்குப் போனபின் அறையில் தனியாக இருக்கும் மாலைகள்தான் பலரைச் சாய்க்கின்றன.

அறிகுறி: மைதானத்துக்குப் போகவே பிடிக்கவில்லை

தூக்கம், சாப்பாடு, ரத்தம், சுமை எல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு கேள்வி: பிடிக்காமல் போனது விளையாட்டு மட்டுமா, எல்லாமுமா?

விளையாட்டு மட்டும் என்றால் அது எரிந்து ஓய்ந்த நிலை. உடலும் உள்ளமும் வற்றிப்போவது, எதைச் செய்தாலும் சாதித்த உணர்வு வராதது, ஒரு காலத்தில் உயிராக இருந்த ஆட்டம் இப்போது அற்பமாகத் தெரிவது என்று மூன்று முகம் அதற்கு. மூன்றாவதுதான் சாதாரணக் களைப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும். களைத்தவருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தால் நான்காம் நாள் பந்தைத் தேடுவார். ஓய்ந்தவர் தேட மாட்டார், அப்பாடா என்றிருப்பார். அவருக்குத் தேவை லீவைவிடப் பிடி: எந்தப் பயிற்சியை எப்போது செய்வது என்பதில் கொஞ்சமாவது அவர் சொல் எடுபட வேண்டும். உதவித்தொகைக்காகவும் பெற்றோருக்காகவும் ஓடுகிறவர் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல இடம் வேண்டும். விட்டுவிடுவதும் ஒரு விடைதான் என்று நான் சொல்வதைப் பல பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை.

எல்லாமும் என்றால், பாட்டு, நண்பர்கள், சாப்பாடு எதிலும் ருசி இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி அப்படியே போகிறதென்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கணுக்கால் வீங்கினால் யாரிடம் கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் போகிறீர்கள்? அதே போல் போங்கள். 'நான் ஒரு வீரன்' என்ற ஒற்றை அடையாளத்திலேயே வளர்ந்தவர்களுக்குக் காயத்தின்போதும், அணியிலிருந்து நீக்கப்படும்போதும், இறுதியாண்டு முடியும்போதும் இது வரும் வாய்ப்பு கூடுதல்.

அறிகுறி: களைத்துத்தான் படுக்கிறேன், தூக்கம் வருவதில்லை

மாலைப் பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கபானத்தைப் பாருங்கள். காஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11க்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரவுப் போட்டி நாட்களில் தூக்கம் பிந்துவது இயல்பு, மறுநாள் மதியம் இருபது நிமிடம் கண் அயர்ந்தால் போதும். மற்றபடி, எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரம் தானாக வந்து சேரும்.

அறிகுறி: உங்களுக்கு ஒன்றுமில்லை, பக்கத்து அறைக்காரர்தான் மாறிவிட்டார்

முன்பு பேருந்தில் கடைசி இருக்கையில் பாடிக்கொண்டு வந்தவர், இப்போது ஹெட்ஃபோனோடு ஜன்னலோரம். சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்திவிட்டு முதலில் எழுந்துபோகிறார். 'என்ன ஆச்சு' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பார், அதோடு விடாதீர்கள். பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள்: 'மூணு நாளா நீ சாப்பிடல, நான் கவனிச்சேன்.' வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு நகராதீர்கள், அவசர உதவியை அழையுங்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். இல்லை என்றால், ஆலோசகரின் அறை எங்கே இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்புவதற்குப் பதில் வாசல் வரை கூடவே நடந்துபோய், அவர் வெளியே வரும்வரை அங்கே உட்கார்ந்திருங்கள்.